சவரக் கத்தியோடு கப்பலேறிய ரெஃபத்

துர்ரெஸ் துறைமுகத்துக்கு எதிரே இருந்த அரசாங்கச் சவரக்கடையில் ரெஃபத்துக்கு வேலை. அல்பேனியாவில் அந்தக் காலத்தில் தாடி, ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஆகாது. கப்பலில் வந்திறங்கும் வெளிநாட்டு மாலுமிகூட முகத்தை ரெஃபத்திடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஊருக்குள் நுழைய வேண்டும்.

ரெஃபத் பயந்த மனிதர். கடையில் அவர் பேசுவது இரண்டே விஷயம்: கால்பந்து, மழை. காவல்துறை அணி தோற்றுவிட்டால் அன்றைக்கு மழை மட்டும்.

அப்படிப்பட்டவருக்கும் சனி பிடித்தது. நாட்டை ஆண்ட பெரிய தலைவர் செத்துப்போன அன்று, சதுக்கத்தில் ஊரே மௌன அஞ்சலியில் நிற்க, ரெஃபத்துக்கு விக்கல் வந்தது. சாதாரண விக்கல் இல்லை, கழுதைக்குட்டி கத்துவதுபோல ஒன்று. முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் மூக்கால் சத்தம் போட்டார்கள். மறுநாள் விசாரணை. அவர் மனைவி துராத்தா அதிகாரிகள் முன்னால் சத்தியம் செய்தாள்: "அது துக்க விக்கலுங்க! எங்க வீட்டுக்காரருக்கு அழுகை அப்படித்தான் வரும்." யாரும் நம்பவில்லை. ரெஃபத் ஒரு வருஷம் தண்டனையாகச் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டிவிட்டு வந்தார்.

பக்கத்து வீட்டு இல்மிதான் போட்டுக்கொடுத்தான் என்று முடிவுகட்டி, அன்றிலிருந்து அவன் முகத்தில் விழிப்பதில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் மார்ச் மாதம், ஆட்சி ஆட்டம் கண்டது. ரொட்டி கிடைக்கவில்லை. ஜனங்கள் இத்தாலிக்கு ஓடத் தொடங்கினார்கள். ஒருநாள் காலையில் வட்டாரக் கட்சிச் செயலாளர் பாந்தெலி சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஓடுறவன் எல்லாம் துரோகி, ரெஃபத். நாட்டோட உப்பத் தின்னுட்டு..."

"மழை வரும்போல இருக்கு தோழர்" என்றார் ரெஃபத்.

வலது கன்னம் முடிந்திருந்தது. அப்போது தெருவில் ஒருத்தன் கத்திக்கொண்டே ஓடினான்: "கப்பல் கெளம்புது! காவலுக்கு ஒரு பயலும் இல்ல!"

பாந்தெலி எழுந்தார். இடது கன்னத்தில் நுரையோடும் கழுத்தில் வெள்ளைத் துணியோடும் எடுத்தார் ஓட்டம்.

ரெஃபத்துக்கு உயிரே போய்விட்டது. அது அரசாங்கத் துணி. தொலைந்தால் யார் பதில் சொல்வது? "தோழர், துணி! தோழர், துணி!" என்று அவரும் பின்னாலேயே ஓடினார். கையில் திறந்த சவரக் கத்தி இருந்ததை மறந்தேபோனார்.

கப்பல் படிக்கட்டில் ஈ நுழைய இடமில்லை. ஆனால் ரெஃபத்தைப் பார்த்ததும் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. "வழி விடுங்கப்பா, கத்தியோட வர்றான்!" ராஜா போல மேலே ஏறினார்.

பாந்தெலி ஒரு பீப்பாய்க்குப் பின்னால் ஒண்டியிருந்தார். கத்தியைக் கண்டதும் முழங்கால் போட்டுவிட்டார். "வெட்டிராத ரெஃபத்! விக்கல் விஷயத்த நான் சொல்லியிருக்கக் கூடாது! மேலிடத்துல பேர் கேட்டாங்க, உன் பேருதான் ஞாபகம் வந்துச்சு!"

"விக்கலா? நீங்கதானா அது?" ரெஃபத் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி மனுசா! ஆறு வருசமா இல்மிகூட பேசாம இருக்கேனே!"

இதற்குள் கப்பல் நகர்ந்துவிட்டது. இறங்க வழி தேடி அவர் திரும்பினால், எதிரே துராத்தா, இடுப்பில் கைவைத்தபடி.

"என்னை விட்டுட்டு ஓடிரலாம்னு பாத்தீங்களா? கத்தியும் கையுமா ஓடுறதாத் தெருவே சொல்லுச்சு. காதப் புடிச்சு இழுத்துட்டுப் போலாம்னு ஏறினேன்!"

"நான் எங்கடி ஓடினேன்? துணிக்காக வந்தேன்!"

"துணிக்காக இத்தாலிக்கா?"

அந்தக் கேள்விக்குக் கடல் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். கரை கண்ணிலிருந்து மறைந்தது. துராத்தா அழுதாள். பாந்தெலியின் கழுத்திலிருந்து அவிழ்த்து வாங்கிய அந்த அரசாங்கத் துணியையே ரெஃபத் கண்ணைத் துடைக்கக் கொடுத்தார்.

இத்தாலியின் பிரிண்டிசித் துறைமுகத்தில் அதிகாரிகள் ஒவ்வொருவராக விசாரித்தார்கள். பாந்தெலி முன்னால் போய் நின்று, பாதிச் சவர முகத்தைக் காட்டினார். "பாருங்கய்யா, சர்வாதிகாரத்த எதிர்த்த எனக்கு நடந்த கொடுமைய!"

மொழிபெயர்ப்பாளர் பதறிப்போய்க் கேட்டார்: "இதச் செஞ்சது யாரு?"

வரிசையில் பின்னால் நின்ற ரெஃபத் பொய் சொல்லிப் பழகாதவர். கையைத் தூக்கினார். "நான்தாங்க."

உடனே இரண்டு காவலர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டைப்பையில் கத்தியும் அகப்பட்டது. கொடுமைக்காரன் கையும் களவுமாகச் சிக்கியதாக அந்த அறையே பரபரத்தது. துராத்தாதான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பாந்தெலியை நாற்காலியில் அமுக்கி உட்கார வைத்தாள்.

"ஏங்க, மிச்சத்த முடிங்க. அப்பத்தான் இவங்களுக்குப் புரியும்."

பெரிய அதிகாரி தலையசைக்க, காவலர்கள் பிடியை விட்டுக் கத்தியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ரெஃபத் வேலையில் இறங்கினார். சோப்பில்லாமல், வெறும் தண்ணீரில், ஒரு கீறல்கூட விழாமல் இடது கன்னத்தை முடித்தார். பெரிய அதிகாரி தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு அடுத்த ஆளாக உட்கார்ந்தார். அவருடைய மச்சானின் சவரக்கடையிலேயே ரெஃபத்துக்கு வேலை கிடைத்தது. பாந்தெலி வடக்கே ஏதோ ஆலைக்குப் போனார் என்று கேள்வி.

மாலுமிகளிடம் பழகியதில் ரெஃபத்துக்குக் கொஞ்சம் இத்தாலிய மொழி புரியும். கடையில் முதல் வாரம், ஒரு வாடிக்கையாளர் பிரதம மந்திரியைத் திருடன் என்று வாய்விட்டுத் திட்டினார். மற்றவர்கள் கைதட்டினார்கள். ரெஃபத் விழுந்தடித்து வீட்டுக்கு ஓடி ஜன்னலைச் சாத்தினார். "மூட்டையக் கட்டுடி! இந்தத் தெருவையே அள்ளிட்டுப் போகப் போறாங்க!"

"சாப்பாடு ஆறுது, வந்து உக்காருங்க" என்றாள் துராத்தா.

யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சில மாதம் பொறுத்துப் பார்த்த ரெஃபத், ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆள் இருக்கும்போது, கத்தியைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த ஊரு மேயர் ஒரு உதவாக்கரை!" என்றார்.

மேயர் மேல் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. அந்த ஆளின் பெயர்கூடத் தெரியாது. அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டார்.