கல்லுக்கு எந்த ஊர்?

கெய்ரோவில் என்னிடம் யாரும் 'எந்த ஊரு?' என்று கேட்பதில்லை. உடம்பு சுகமா, பிள்ளைகள் எத்தனை, அப்பா பெயர் என்ன என்றெல்லாம் விசாரிப்பார்கள். ஊரை மட்டும் விட்டுவிடுவார்கள். மதுரைக்காரனுக்கு இது உப்பில்லாச் சாப்பாடு. எங்கள் கொட்டாம்பட்டிப் பக்கம் தண்ணீர்ச் சொம்பை நீட்டுவதற்குள் ஊரைக் கேட்டு, அங்கே தங்களுக்கு யார் யாரைத் தெரியும் என்பதையும் சொல்லி முடித்துவிடுவார்கள். சென்ற யுத்தத்தில் பட்டாளத்தோடு வந்தவன் நான். பதினெட்டு வருஷமாக இங்கே ஒரு காட்சிசாலையில் ஆராய்ச்சிக்குக் கல் அறுக்கிறேன்.

போன வாரம் சலீம் என்ற ஒட்டகக்காரர், பாலைவனத்தில் கிடந்ததென்று ஒரு கறுப்புக் கல்லைக் கொண்டுவந்தார். தேங்காய் அளவுதான், ஆனால் கை தாழ்ந்துபோகும் கனம். ஓரத்தை அறுத்துத் தேய்த்தேன். உள்ளே கேழ்வரகு போல உருண்டை மணிகள், இடையிடையே இரும்புப் பொடி. காட்சிசாலையின் மேலாளரான வெள்ளைக்காரத் துரை பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "விண்கல். இரும்பு வகையல்ல, கல் வகை. பதிந்து வை" என்றார். பதிவேட்டில் 'இடம்' என்றொரு கட்டம். எனக்கு இடமென்றால் சொந்த ஊர். சலீமிடம் அரைகுறை அரபியில், "இதற்கு எந்த ஊர்?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மேலே கையைக் காட்டினார். 'வானம்' என்று எழுதிவிட்டேன்.

துரை விழுந்து விழுந்து சிரித்தார். "எல்லா விண்கல்லும் வானத்திலிருந்துதான் வருகிறது. எங்கே கிடந்ததோ அந்த இடத்தின் பெயர்தான் இதற்கு." அது கிடந்தது பிர் சய்யாத் என்ற கிணற்றடியில்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே மேஜையில் என் விவரங்களை எழுதிக் கொடுக்க வேண்டிய காகிதமும் கிடந்தது. காட்சிசாலையில் ஆள் குறைக்கிறார்கள். உள்ளூரார் இருக்கலாம், வெளியூரார் மாதக் கடைசியில் கப்பலேற வேண்டும். அதிலும் 'இடம்' என்று ஒரே கட்டம். போன தடவை ஊருக்குப் போனபோது அண்ணன் வாசலிலிருந்தே மதினியைக் கூப்பிட்டார்: "ஏத்தா, எகிப்துக்காரன் வந்துட்டான், எலையப் போடு." நான் உட்காருவதற்குள், "எம்புட்டு நாளு இருப்ப?" என்றும் கேட்டார். ஆசையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் விருந்தாளியிடம் கேட்பது போலப் பட்டது.

துரையிடம், "நானும் கிடந்த இடத்தைத்தானே எழுத வேண்டும்?" என்றேன். என் இங்கிலீஷ் அவருக்கு வேறு விதமாகக் கேட்டிருக்கிறது. "ஏன் கிடக்கிறாய்? உடம்பு சரியில்லையா?" என்றார். கெய்ரோ என்று எழுதிக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டார். வேலை தப்பியது என்ற நிம்மதியும், யாரையோ காட்டிக்கொடுத்த கூச்சமும் ஒன்றாக வந்தன.

இன்று கல்லை இரண்டாக அறுத்தேன். ஒரு பாதி இங்கே இருக்கும். மறு பாதி லண்டனுக்குப் போகிறது. பெட்டிக்குச் சீட்டு எழுதி ஒட்டப் போகும்போதுதான் பார்த்தேன். பிர் சய்யாத் என்று இருக்க வேண்டிய இடத்தில், தமிழில், கொட்டாம்பட்டி என்று எழுதியிருந்தேன். வேறு சீட்டு எழுதி ஒட்டினேன். பழையதைக் கிழிக்க மனம் வரவில்லை; சட்டைப்பையில் இருக்கிறது.