தலையாட்டாத அகரன்

கோவில்பத்து அகரனைச் சென்னைக்குக் கூப்பிடுவது தோற்பதற்காகத்தான். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. காசு வாங்கிக்கொண்டு விழுகிறவனும் அல்ல அவன். வளர்ந்துவரும் குத்துச்சண்டைப் பையன்களுக்கு ஒரு வெற்றி வேண்டும். அதற்கு நின்று அடி வாங்குகிற ஆள் வேண்டும். போட்டி நடத்தும் மதியழகன் போன் செய்வார். காரைக்காலில் நூகு பாயின் பெயிண்ட் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அகரன் பஸ் ஏறுவான். ஏறிய மேடையெல்லாம் தோல்வி.

அவன் திரும்புவதற்குள் சண்டையின் வீடியோ பெயிண்ட் கடைக்கு வந்திருக்கும்.

"படுத்திருக்கான் பாரு, தலகாணி ஒண்ணுதான் கொற" என்பார் நூகு பாய். கடையே சிரிக்கும்.

"இன்னொரு தடவை போடுங்க பாய்" என்பான் அகரன். தான் விழுவதைக் கண்ணெடுக்காமல் பார்ப்பான். அப்படித்தான் பிடிபட்டது: எதிராளி நல்ல குத்து விட்டதும் இவன் தலையாட்டுகிறான். வாடிக்கையாளர் கலர் சொன்னதும் "சரிங்க" என்று ஆட்டுவானே, அதே ஆட்டல். தாடை மேலே எழும்பும் அந்த நொடியில் அடுத்த குத்து இறங்குகிறது.

அன்றிலிருந்து தாடைக்குக் கீழே டென்னிஸ் பந்தை இடுக்கிக்கொண்டு பயிற்சி செய்தான். அவன் மனைவி எழில்மதி சோறு வேண்டுமா என்று கேட்டால்கூட வாயால்தான் பதில் வந்தது.

அடுத்த சண்டையின் சுவரொட்டியில் எதிராளியின் முகம் மட்டுமே இருந்தது. மதியழகன் பார்த்துப் பார்த்து வளர்த்த பையன். நான்காவது ரவுண்டில் அவனை மல்லாக்கச் சாய்த்தான் அகரன்.

மதியழகன் கைகொடுக்கவில்லை. "ஒன்ன எதுக்குய்யா கூப்பிட்டேன்?" என்றார்.

அதன்பிறகு போன் வரவில்லை. பேர் இல்லாதவனிடம் தோற்றுப்போக எந்தப் பையன் வருவான்? அந்த வீடியோவைக் கடையில் யாரும் போடவில்லை. கலர் சொன்னாலும் இப்போது அவன் தலை ஆடவில்லை. "கஸ்டமருகிட்ட மொறச்சிக்கிட்டு நிக்கிற" என்று நூகு பாய் அவனை மூட்டை தூக்கக் குடோனுக்கு அனுப்பினார்.

மழைக்காலம் முடிந்ததும் மதியழகன் கூப்பிட்டார். எழில்மதி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"நீ சாய்ச்ச பையன் மறுபடி மேடை ஏறப்போறான். பிராக்டீஸ்ல அவங்கிட்ட அடி வாங்க ஆள் வேணும். மாசச் சம்பளம். வர்றியா?"

சரியென்று சொல்லும்படி எழில்மதி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சண்டை இருந்தா கூப்பிடுங்க சார்" என்றான் அகரன்.

"ஒனக்கா? யாருய்யா வருவான் ஒங்கூட?" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

எழில்மதி போனைக் கட்டிலில் எறிந்தாள். "அந்தத் தலையாட்டல்தாங்க நமக்குச் சோறு போட்டுச்சு."

அகரன் பந்தை எடுத்துத் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான்.