கும்பிடும் நாய்

“மறுபடியும் கும்பிடுதுங்க! போனை எடுங்க, சீக்கிரம்!”

ஞானம்மாள் போட்ட சத்தத்தில் தாமோதரன் போனோடு ஓடிவந்தார். பூஜையறை வாசலில் ராக்கி முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் அழுத்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நின்றது. எதிரே முருகன் படம். அணு ஆராய்ச்சியில் முப்பது வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்றுத் திருப்போரூரில் வீடு கட்டியவர் தாமோதரன். போன வாரம் அவர் போட்ட வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

வீடு துடைத்துக்கொண்டிருந்த வேண்டா நிமிர்ந்தாள்.

“அம்மா, அது கும்பிடல. வயித்து வலி. மூணு நாளா சோத்தத் தொடல. மஞ்சமஞ்சளா வாந்தி எடுத்துகினு கீது.”

“இன்னைக்குக் கிருத்திகைடி. விரதம் இருக்கு.”

“மூணு நாளாவா கிருத்திகை?”

“வாயாடாம அந்த வாளியை நகர்த்து. வீடியோவுல தெரியுது.”

வேண்டாவுக்கு அந்தக் குனிவு தெரியும். புருஷன் எல்லப்பன் அப்படித்தான் முழங்காலை மடக்கி, முகத்தைத் தரையில் புதைத்துக் கிடப்பான். குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்றது தெரு. அவளும் அதையே சொன்னாள். ஒருநாள் ஒரு வாளித் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தாள். “வலிக்குதுடி” என்றான். “ஊத்திக்கினா வலிக்காதா?” என்றாள். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் கணையத்தில் புற்று என்று சொன்னபோது அவனுக்குப் பதினோரு நாள்தான் மிச்சம்.

திங்கட்கிழமை ஞானம்மாளும் தாமோதரனும் மாமல்லபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். வேண்டா மற்ற மூன்று வீட்டுக்கும் லீவு சொல்லிவிட்டு நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். எலும்பாக இளைத்திருந்தது. செங்கல்பட்டில் கால்நடை மருத்துவர் அதன் வயிற்றில் ஸ்கேன் கருவியை ஓட்டினார்.

“கணையத்துல பெரிய கட்டிம்மா. புத்து மாதிரிதான் தெரியுது, ஈரலுக்கும் போயிருக்கு. வலி தாங்காமத்தான் இப்படிக் குனிஞ்சு நிக்குது. முன்னாடியே யாரும் பாக்கலியா?”

“நாப்பதாயிரம் பேரு பாத்தாங்க சார்,” என்றாள் வேண்டா.

சாயங்காலம் ஞானம்மாள் குதித்தாள். “யாரைக் கேட்டுடி தூக்கிட்டுப் போனே?”

தாமோதரன் மருத்துவர் சீட்டை இரண்டு முறை வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். 

மருத்துவர் கொடுத்த வலி மாத்திரையை வேண்டா தயிரில் கரைத்து ஊட்டினாள். இரண்டு நாள் நாய் காலை மடக்கி, பக்கவாட்டில் படுத்து, ஒழுங்காகத் தூங்கியது. கும்பிடவில்லை.

“என்ன எழவைக் கொடுத்தியோ, பக்தியே போயிடுச்சு,” என்றாள் ஞானம்மாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பூஜையறை வாசலில் செத்தது.

மறுநாள் ஏழு மணிக்கு வேண்டா வேலைக்கு வந்தாள். பாத்திரம் தேய்த்தாள். நாயின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. தாமோதரன் பழைய வீடியோவையே மறுபடி போட்டு, விரதமிருந்து முருகனடி சேர்ந்தது என்று எழுதியிருந்தார். அக்கம்பக்கத்தார் ஐந்து பேர் வந்து கற்பூரம் ஏற்றினார்கள். அது செத்த இடத்தை விட்டுவிட்டுத் துடைக்கச் சொன்னாள் ஞானம்மாள். வேண்டா விட்டுவிட்டுத் துடைத்தாள். ஒன்பதரைக்கு அடுத்த வீட்டுக்குப் போனாள்.