மீட் பை வந்த ஞாயிறு

ரேமண்ட் ஹாலமுக்கு 'டேனி பிளேஸ்' என்று பெயர் வைத்தவர் அவருடைய மேனேஜர். இங்கிலாந்தின் சால்ஃபோர்டு ஊரில் பஞ்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆளுக்குக் கோட்டு மாட்டி, முடியை நெற்றியில் இறக்கிவிட்டு, கிதார்காரர்களுக்கு முன்னால் பாட நிறுத்தினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கில் ஓர் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் பதினோராம் இடம்வரை ஏறியது. பெண்பிள்ளைகள் அவர் சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். அப்புறம் வந்த ஐந்து தட்டுகளைச் சீந்த நாதியில்லை. மேனேஜர் ஃபோனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

அறுபத்தெட்டில் கிடைத்தது, பார்ன்ஸ்லி பக்கம் ஒரு சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் ஞாயிறு மதியக் கச்சேரி. பிடிக்காத பாடகரைக் கமிட்டி பாதியிலேயே வழியனுப்பிவிடும். சேதி மற்ற மன்றங்களுக்கும் பரவிவிடும். இதுவும் போனால் மறுபடி பஞ்சாலைதான் என்று ரேமண்டுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு காலத்தில் நாடே பாடிய அந்தப் பாட்டை எடுத்தார். உச்சத்துக்குப் போகும் நேரம், மன்றச் செயலாளர் வில்ஃப் ஸ்கோல்ஸ் சாவகாசமாக மேடையேறி மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"மீட் பை வந்தாச்சு. முன்வரிசை மொதல்ல வாங்க."

அவ்வளவுதான், கூடமே எழுந்து போய்விட்டது. அந்த ஊரில் அது அவமதிப்பே இல்லை. ராணியே வந்து பாடினாலும், மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட அந்த மீட் பை ஆறக் கூடாது. லண்டன் மேடையைப் பார்த்தவருக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? காது மடல் சிவந்துவிட்டது. நீங்களும் உங்கள் கச்சேரியும் என்று வாசலைப் பார்த்து நடந்தார். பை வாங்க நின்ற வரிசை வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதில் கடைசியாக நின்ற எட்னா, ஒரு சுரங்கக்காரரின் மனைவி, அவர் கையில் ஒரு காலித் தட்டைத் திணித்தார்.

"போன வாரம் வந்தவன் மொறச்சுக்கிட்டு ரூம்ல போய் உக்காந்துட்டான். நீயாவது எங்களோட வந்து நிக்கிறியே தம்பி. சாப்பிட்டுட்டு விட்ட எடத்துலேருந்து பாடு."

எப்படி மறுப்பது? வரிசையில் நின்று பை வாங்கி, மசித்த பட்டாணியோடு நின்றபடியே சாப்பிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் பேச்சுக் கொடுத்தார்கள். பிறகு மேடையேறி விட்ட இடத்திலிருந்து பாடினார். கூடம் முழுக்கக் கூடவே பாடியது. கமிட்டி வழியனுப்பவில்லை, அடுத்த மாதமும் வரச் சொன்னது. அப்படியே மன்றம் மன்றமாக இருபத்தாறு வருஷம் பாடினார். மகராசனாக வாழ்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெற்ற அன்று எட்னாவிடம் போய் உண்மையைச் சொன்னார். அன்றைக்கு நான் வரிசைக்கு வரவில்லை, ஓடிப்போகத்தான் கிளம்பியிருந்தேன் என்றார்.

"தெரியும்ப்பா, மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருந்துச்சு. நீ போயிட்டா அந்தப் பாட்டை யாரு முடிக்கிறது?"

ரேமண்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷமும் தான் சாப்பிட்ட சோறு எட்னா போட்டது என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.