மாமியாருக்காக மாற்றிய சுவே பார்

அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் ஒரு கராஜில் நான் தலைமை மெக்கானிக். எல்லோருக்கும் நான் 'பாஸ்'. ஒரு நாள் காலையில் கொட்டகலையில் வாடகைக்கு ஓடும் ஹயர்கார் ஒன்றின் டிரைவர் மாசிலாமணி வந்து நின்றான். காரின் நான்கு கதவும் திறந்து கிடந்தன. பின்சீட்டை அப்போதுதான் கழுவியிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடா, மறுபடியும் யாராச்சும் வாந்தி எடுத்துட்டாங்களா?"

"யாராச்சும் இல்ல பாஸ். பேச்சியம்மா."

பேச்சியம்மா கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர். அவர் மகள் ராஜலட்சுமி தோட்டப் பள்ளிக்கூட டீச்சர். டீச்சரும் மாசிலாமணியும் விரும்பி, பெண் கேட்கவும் போயாகிவிட்டது. பேச்சியம்மாவும் மறுக்கவில்லை. மாப்பிள்ளையின் காரில் நுவரெலியா வரை போய்ப் பார்ப்போமே என்றிருக்கிறார். தலவாக்கலை தாண்டுவதற்குள் எத்தனை தடவை காரை நிறுத்தினானோ, அவனே எண்ணவில்லை.

"இந்தக் கார்ல இனி ஏற மாட்டேன், மகளக் குடுத்துட்டு நான் நடந்தா வந்து பாக்குறதுன்னு கேட்டாங்க பாஸ்."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"அம்மா சம்மதிக்காம கழுத்த நீட்ட மாட்டேன், மொதல்ல காரச் சரி பண்ணுங்கன்னுட்டாங்க."

அவனுக்கு அழுகை வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு காரை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் வண்டி வெளிப்பக்கமாகச் சாய்ந்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். முன்சக்கரங்கள் இரண்டையும் குறுக்கே இணைக்கிற ஸ்பிரிங் இரும்புக் கம்பிதான் சுவே பார். வளைவில் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் தூக்கும்போது அது முறுகி, சாய்வைத் தடுக்கும். கம்பி தடிமனானால் விறைப்பு கூடும். மாசிலாமணியின் காரில் இருந்தது ஐந்து நூல் கம்பி. எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது கராஜ் கணக்கு.

"ஆறு நூல் போதும்டா. ஒரு நூல் கூடுனாலே விறைப்பு ரெண்டு மடங்காயிரும்."

"ரெண்டு மடங்கு எந்த மூலைக்கு? நீங்க பேச்சியம்மாவப் பாத்ததில்ல பாஸ். அந்தா கெடக்கே, அதப் போடுங்க."

அவன் காட்டியது ஒரு பழைய வேனிலிருந்து கழற்றிய முழு அங்குலக் கம்பி. வாடிக்கையாளர் கேட்டதைப் போட்டுக் கொடு என்பது எங்கள் முதலாளியின் சட்டம். போட்டேன். மெயின் ரோட்டு வளைவுகளில் கார் நிமிர்ந்தபடி போனது. மாசிலாமணி வழியெல்லாம் பாடிக்கொண்டே ஓட்டினான்.

தோட்டத்து ரோட்டில்

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாவை ஏற்ற, காரை நேரே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலுக்கே கொண்டுபோயிருக்கிறான். தோட்டத்து ரோடு கல் பாவியது. மழைத் தண்ணீர் ஓட அதன் குறுக்கே கான் வெட்டியிருப்பார்கள், அதையும் சாய்வாக. ஒரு சக்கரம் முதலில் விழும், மற்றது பிறகு விழும். அந்தத் தடித்த கம்பியோ ஒரு சக்கரம் விழுந்தால் அடுத்ததையும் சும்மா விடாது. வண்டியே இடமும் வலமுமாக உலுக்கி எடுத்துவிடும்.

திங்கட்கிழமை கராஜ் திறக்கும் முன்பே மாசிலாமணி வந்துவிட்டான்.

"மெயின் ரோட்டுக்கே போய்ச் சேரல பாஸ். கதவுல மோதி அவங்க நெத்தி நெல்லிக்கா மாதிரி வீங்கிருச்சு. எறங்கி நடந்துட்டாங்க."

"டீச்சர்?"

"அவங்க சிரிக்கிறாங்க. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு."

இந்த முறை அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஆறு நூல் கம்பியைப் போட்டு, அதைப் பிடித்து நிற்கும் தேய்ந்த ரப்பர் புஷ்களையும் மாற்றினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது.

"மொத நாளு மேல கேரியர்ல என்னடா ஏத்துன?"

"தலவாக்கல கடைக்கு அரிசி மூட்ட. ரெண்டே ரெண்டுதான் பாஸ்."

"மாமியார ஏத்திட்டுப் போறப்பவுமாடா?"

"கேரியர் சும்மா இருந்தா மனசு கேக்க மாட்டேங்குது."

ஹயர்கார்க்காரர்கள் எல்லோருக்கும் இருந்த வியாதி இது. உச்சியில் மூட்டையை ஏற்றிவிட்டுக் கீழே கம்பியைக் குறை சொல்வார்கள். கேரியரையே கழற்றி கராஜில் வைத்துப் பூட்டினேன். கம்பியைத் தேர்ந்தெடுக்கும் முன் வண்டி எந்த ரோட்டில், எந்தச் சுமையோடு ஓடுகிறது என்று கேட்கப் பழகியது அன்றிலிருந்துதான்.

மூன்றாவது சவாரிக்கு என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டான். பின்னால் டீச்சரும், கையில் எலுமிச்சம்பழத்தோடு பேச்சியம்மாவும். கான்களில் கார் மெதுவாக இறங்கி ஏறியது. மெயின் ரோட்டு வளைவுகளில் லேசாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். தலவாக்கலை தாண்டியும் பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். பேச்சியம்மா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். டீச்சர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது.

நுவரெலியா வந்தும் மாசிலாமணி நிறுத்தவில்லை. ஏரியைச் சுற்றினான். மறுபடியும் சுற்றினான்.

"ஏன்டா நிறுத்த மாட்டேங்குற?"

"முழிச்சதும் தல சுத்துதுன்னு சொல்லிட்டாங்கன்னா?"

அந்தப் பேச்சிலேயே பேச்சியம்மா விழித்துக்கொண்டார். "நுவரெலியா வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க அத்தே" என்று உளறிவிட்டு நாக்கைக் கடித்தான்.

"அப்புறம் எதுக்கு ஏரியவே சுத்திக்கிட்டிருக்க? பொடவக் கடையில நிறுத்து. கூறச்சேலைய நாந்தான் பாத்து எடுப்பேன்."

மாசிலாமணி பிரேக்கை மிதித்த மிதியில் நாங்கள் மூன்று பேரும் முன்னால் போய் மோதினோம். அந்த ஆட்டத்தைத் தடுக்க எந்த நூலிலும் கம்பி கிடையாது.