என் ஆற்றுக்குத் தங்கவேல் சார் போய்வந்தார்

செய்திக்கு முன்னால் படம் வந்தது. காலை ஏழு மணி இருக்கும். நம் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவைத் திறந்தேன். தங்கவேல் சார் பச்சைத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, ஒரு சைக்கிளைப் பிடித்தபடி, டான்யூப் ஆற்றங்கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை அதற்கு முன் இருபது தடவையாவது எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். சரிதான், இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டார்கள் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பல் விளக்கப் போனேன். கால் மணி நேரம் கழித்து என் மனைவி மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஏனுங்க, இன்னுங் கெளம்பாம இருக்கறீங்க? தங்கவேல் சார் போயிட்டாருங்க" என்றாள். படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதியிருந்ததை அப்போதுதான் படித்தேன். விடியற்காலையில் மாரடைப்பு.

அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் இந்த நினைவு மலரில் அவருடைய நல்ல குணங்களை எழுதுவீர்கள். எழுத வேண்டியவைதான். நான் என் கெட்ட குணத்தை எழுதுகிறேன். அவரைப் பற்றி உண்மையாகச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. கடைசி ஒரு வருடமாக நான் அந்த மனிதர்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன்.

குமாரபாளையத்தில் ஒரே பள்ளியில் இருபத்தாறு வருடம் இருந்தோம். அவர் அறிவியல், நான் தமிழ். நான் ஆறுகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர் யாராவது இருந்தால் நானே தேடிவந்து சொல்லியிருப்பேன். அதில் டான்யூபுக்குத் தனி அத்தியாயம் உண்டு. நூலகப் புத்தகங்களையும் ஒரு பழைய வரைபடத்தையும் வைத்துக்கொண்டு எழுதியது. அந்த ஆற்றை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு அரைநூற்றாண்டாக உண்டு.

மேட்டூர் அணை நிரம்பி வழிகிற வருடங்களில் காவிரிக்கரைத் தெருக்களுக்குள் தண்ணீர் வந்துவிடும். அங்குள்ளவர்கள் பாயும் பாத்திரமுமாக நம் பள்ளிக்கு வந்து தங்குவார்கள். அப்படி ஓர் ஆடி மாதம் எனக்கும் அவருக்கும் முகாமில் ஒன்றாக வேலை போட்டார்கள். மதியச் சாப்பாடு முடிந்து ஏழாம் வகுப்பு வாசலில் உட்கார்ந்திருந்தோம். நான் உலகத்து ஆறுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். நான் ஆறுகளைத் தொட்டால் மற்ற ஆசிரியர்களுக்கெல்லாம் உடனே ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். தங்கவேல் சார் மட்டும் எழுந்திருக்கவில்லை. டான்யூப் எத்தனையோ நாடுகளைத் தாண்டிப் போகிறது என்றபோது, "அத்தனை பேரு ஊட்டு வாசல்ல போவுதே, தண்ணிக்குச் சண்டை வராதுங்களாய்யா?" என்று கேட்டார். என் அத்தியாயத்தில் அதற்குப் பதில் இல்லை. நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று சமாளித்தேன்.

அவர் மகள் கவிதா வியன்னாவில் வேலை பார்க்கிறாள். போன வருடம் அப்பாவையும் அம்மாவையும் வரச் சொல்லி, எல்லோருமாகச் சைக்கிளில் ஒரு சுற்றுப்பயணம் போகலாம், எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்டிருக்கிறாள். சார் யோசிக்கவே இல்லையாம். "தமிழய்யாவோட ஆறு அங்கதான இருக்குது, அதோடயே போலாம்" என்றாராம். இதை அவர் என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னார். எனக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கோ என் நிலத்தில் வேறொருவர் கல் நடுவதுபோல் இருந்தது. புத்தகம் படித்தால் பத்தாம் பக்கத்தில் தூங்கிவிடுகிற மனிதர் அவர்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. அவர் மனைவி சரோஜாவுக்குச் சைக்கிள் விடத் தெரியாது. ஐம்பத்தெட்டு வயது. இரண்டு மாதம் தினமும் காலையில் நம் பள்ளி மைதானத்தில் சார் மனைவியின் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். "கீழ பாக்காத சரோஜா, கீழ பாத்தா கீழதான் போவ" என்று அவர் சொல்வது சாலை வரைக்கும் கேட்கும். ஒருநாள் நானும் மல்லிகாவும் காலைநடைக்குப் போனபோது அந்த அம்மாள் யாரும் பிடிக்காமல் ஒரு முழு வட்டம் போட்டு வந்து நின்றார். மல்லிகா கைதட்டினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஏன் பார்த்தாள் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்கும் சைக்கிள் விடத் தெரியாது. பன்னிரண்டு வயதில் வாய்க்காலில் விழுந்தவன், மறுபடி ஏறவே இல்லை. நடந்தால்தான் சிந்தனை ஓடுகிறது என்று உங்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நீங்களும் எழுத்தாளன் என்றால் அப்படித்தான் என்று நம்பினீர்கள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் அவர் என் வீட்டுக்கு வந்தார். "நீங்களும் அக்காவும் எங்ககோட வந்துருங்கய்யா. டிக்கெட்டு மட்டும் எடுத்தாப் போதும், மத்ததக் கவிதா பாத்துக்குவா" என்றார். இந்த வயதில் சைக்கிள் மிதிக்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா சார், காவிரிக்கரையிலேயே மிதிக்கலாமே என்று நான் நக்கலாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி, "அங்க ரெண்டு பேரு மிதிக்கற சைக்கிளும் வாடகைக்குக் கெடைக்குமாங்க. முன்னால நான் உக்காந்துக்கறேன். நீங்க பின்னால சும்மா உக்காந்து ஆத்தப் பாத்துட்டு வந்தாப் போதுங்க" என்றார்.

இத்தனை வருடமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் காட்டிக்கொண்டதில்லை. அதற்கு நான் நன்றியல்லவா சொல்லியிருக்க வேண்டும்? எனக்குக் கோபம் வந்தது. ஆற்றைத்தான் எடுத்துக்கொண்டார் என்றால் பெருந்தன்மையிலும் என்னைவிட ஒருபடி மேலே போய் நிற்கிறாரே என்று கோபம். எழுத்து வேலை இருக்கிறது, முடியாது என்று சொல்லிவிட்டேன். எழுத்து வேலை ஒன்றும் இல்லை.

ஜெர்மனியில் தொடங்கி வியன்னா வரைக்கும் பதினோரு நாள் போனார்கள். சார், சரோஜா, கவிதா, மாப்பிள்ளை, எட்டு வயதுப் பேத்தி. தினமும் குழுவில் படம் வரும். இருபக்கமும் மலை, நடுவில் ஆறு, கரையோடு சைக்கிளுக்கென்றே போட்ட பாதை. திராட்சைத் தோட்டம் ஒருநாள், படகில் சைக்கிளோடு அக்கரை போவது ஒருநாள். நீங்கள் எல்லோரும் கைகூப்பியும் இதயம் போட்டும் பதில் அனுப்பினீர்கள். நான் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

பயணத்தின் நடுவில் ஆடிப்பெருக்கு, நம் பதினெட்டு நோம்பி, வந்தது. சரோஜா அதற்கென்றே மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும் இங்கிருந்து கொண்டுபோயிருந்தாராம். கரையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, கருகமணியை ஆற்றில் விடப் போகும்போது அந்த வழியாகச் சைக்கிளில் வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் இறங்கி, தண்ணீரில் எதுவும் போடக்கூடாது என்று தடுத்திருக்கிறார். கவிதா விஷயத்தை விளக்கிச் சொன்னதும் அந்த அம்மாள் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டு, கையில் மஞ்சள் கயிறும் கட்டிக்கொண்டு போனாராம். கருகமணியைத் திரும்பக் கொண்டுவந்து, ஆடியெல்லாம் முடிந்து ஆவணியில் நம் காவிரியில் விட்டார்கள்.

அன்று சாயங்காலம் தங்குமிடத்தில் எல்லோரும் தண்ணீர் ஓரமாகக் கூடாரம் அடித்திருக்கிறார்கள். அதுதான் நல்ல இடமாம். சார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆடி மாசத்துல ஆத்த நம்பி யாராச்சும் கால நீட்டிப் படுப்பாங்களா?" என்று கேட்டு, அடித்த கூடாரத்தைப் பிடுங்க வைத்து, மேட்டில் கழிப்பறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அடிக்க வைத்தாராம். இங்கே தண்ணீர் ஏறாது என்று இடத்துக்காரர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. "மேட்டூர்லயும் மொதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க" என்றாராம். இதையெல்லாம் மல்லிகா வந்து சொன்னபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள், "அங்க நீங்க இருந்திருந்தா நீங்களுந்தான் கூடாரத்தப் புடுங்கியிருப்பீங்க" என்றாள். அது உண்மை. அந்த ஆற்றங்கரை முழுக்க அவர் பேச்சுக்குத் தலையாட்டியிருக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

மல்லிகா வந்து சொன்னாள் என்றேன். ஆமாம், அவள்தான் போனாள். தூரதேசம் போய்வந்தவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்து, பயணமெல்லாம் நல்லபடியாக இருந்ததா என்று இரண்டு வார்த்தை கேட்பது நம் பக்கத்து வழக்கம். பழனிக்கு நடந்துபோய் வந்தவரைக்கூட விசாரிக்கிறோம். நான் போகவில்லை. இன்று வெயில், நாளை தலைவலி என்று பத்து மாதம் ஓட்டினேன். சந்தையில் எதிர்ப்பட்டால், "எப்பங்கய்யா ஊட்டுக்கு வாரீங்க?" என்பார். வாரேன் சார், கொஞ்சம் எழுத்து வேலை என்பேன். "எழுத்து வேலைன்னா அவசரமில்லீங்க, அத முடிச்சிட்டு வாங்க" என்று வழிவிட்டு ஒதுங்கி நிற்பார். அவர் இறந்த அன்றைக்கும் கூட்டத்தோடு தெருவிலேயே நின்றுவிட்டேன். மூன்றாம் நாள்தான் நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன்.

சரோஜா என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். "வந்துட்டீங்களாண்ணா" என்றார். அதில் குத்தல் இல்லை. பிறகு அவராகவே சொன்னார். கூடாரம் மாற்றியதற்கு மறுநாள் காலையில் சார் தனியாக ஆற்றோரம் போய் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாராம். திரும்பி வரும்போது தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தாராம்.

"என்னன்னு கேட்டேனுங்கண்ணா. இது தமிழய்யாகிட்டச் சொல்றது, உங்ககிட்டயெல்லாம் சொன்னா தீந்துருமுன்னுட்டாரு. ஊருக்கு வந்த நாள்லருந்து உங்களத்தான் பாத்துட்டிருந்தாரு. ரோட்ல பாக்கறப்பவே சொல்லிப்புட வேண்டியதுதானன்னு நாங்கூடக் கேட்டேன். அது ரோட்ல நின்னு சொல்றதில்ல, அவரு வந்து உக்காந்து கேக்கோணும்னாரு."

விடைபெறும்போது கவிதா வாசல் வரைக்கும் வந்தாள். "மாமா, அப்பா அத உங்ககிட்டச் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை அம்மா என்றேன். அவள் நம்பவில்லை. நான் மறைக்கிறேன் என்று நினைத்தாள். "அப்பாவ அந்த ஆத்துக்குக் கூட்டிட்டுப் போனது நானுங்க மாமா. பதினோரு நாளும் பக்கத்துலயே வந்தேன். எங்கிட்டச் சொல்லலையே" என்றாள். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். ஒரு வருடமாக என் நெஞ்சுக்குள் பேசிக்கொண்டிருந்தது அதுதான். அந்தப் பெண் என்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கவேல் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். மனைவிக்கும் மகளுக்கும்கூடச் சொல்லாமல், எனக்கென்று மட்டும் அந்த ஆற்றிலிருந்து அவர் ஒன்றை எடுத்துவந்திருந்தார். அது என்னவென்று எனக்குத் தெரியாது. அவர் வீடு என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறது.