மூட்டுக்கு வைத்த பணம்

என் சம்பந்தியைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல வெட்கமில்லை. என் மகளின் மாமனார் அவர். சேலையூரில் வீடு, தினமும் காலையில் வேக நடை. நான் இரும்புலியூரில் காய்கறி வாங்கவே ஆட்டோ பிடிக்கிற ஆள். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் ஓய்வு பெற்றோம். எனக்கு மூட்டு தேய்ந்தது, அவருக்குத் தேயவில்லை.

பேத்தி பிறந்ததும் அவள் பெயரில் மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போட ஆரம்பித்தார். நான் போகும்போதெல்லாம் செல்போனை நீட்டி, "பாருங்க சம்பந்தி, இவ காலேஜ் சேர்றப்ப இது எங்கயோ போயிருக்கும்" என்பார். மார்க்கெட் விழுந்த நாளில் மட்டும் போன் சார்ஜில் இருக்கும். மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார். என் மகளும் ஆட்டுவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு எஃப்டி. மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு என்று, யாரிடமும் கையேந்தக் கூடாது என்று, தொடாமல் வைத்திருந்தேன். அப்போதுதான் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. தாய்வீட்டுச் சீராகக் கம்மல் போட்டால் போதும், அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. ஆனால் அவர் போனுக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள், கழுத்தில் கிடப்பதை ஊரே பார்க்குமே என்று தோன்றியது. எஃப்டியை உடைத்தேன்.

"கால் யாருதுங்க, உங்களுதுதானே?" என்றாள் மனைவி.

"கால் கெடக்குது, மானம் முக்கியம்" என்றேன்.

மண்டபத்தில் சீர்த்தட்டில் கம்மலோடு சங்கிலியும் வளையலும் மின்னின. உறவுக்காரப் பெண்கள் சங்கிலியைக் கையில் வைத்து எடை பார்த்தார்கள். நான் பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, சம்பந்தியின் முகம் எப்போது சுருங்கும் என்று காத்திருந்தேன். அவர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டேவிட்டார்: "பொண்ணு வூட்ல அசத்திட்டாங்க. நீ இன்னா போடப் போற?"

சம்பந்தி சிரித்தார். "போட்டுக்கிட்டிருந்ததையே நிறுத்திட்டேண்ணா. அந்தப் பணத்துல எனக்கும் வீட்டுக்காரிக்கும் மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்துட்டேன். நாளைக்கு நாங்க படுத்துட்டா பிள்ளைங்க லோன் வாங்கக் கூடாது பாருங்க. நான் வச்சிட்டுப் போற சொத்து அதுதான்."

என் மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா" என்றாள், அவ்வளவுதான். சங்கிலியைப் பார்த்தபோது "எதுக்குப்பா இவ்ளோ?" என்று கேட்டவள்தான் அவள். நான் பெற்று வளர்த்த பெண், அந்தப் பார்வையை அவருக்குக் கொடுத்தாள். எனக்கு உள்ளே பற்றி எரிந்தது.

பந்திக்கு அழைத்தார்கள். எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, இன்னும் எத்தனை நாள் தள்ளிப் போடுவீங்க? அந்த எஃப்டிதான் இருக்கே, ஆபரேஷனைப் பண்ணிக்கலாம்ல?"

மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் இடுப்பில் இருந்த பேத்தி, சங்கிலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

சம்பந்தி குனிந்து கையை நீட்டினார். "பிடிச்சுக்கோங்க சம்பந்தி."

வேறு வழியில்லாமல் பிடித்தேன். ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்திவிட்டார். பாவி மனுஷன், அந்தக் கையில்தான் எவ்வளவு பலம்!